கொட்டகையில் கிடக்கும் பழைய மருந்து: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் வீட்டுத் தோட்டம் பற்றி எழுதியபோது, "பழைய பூச்சிமருந்தைக் குப்பையில் போடாதீர்கள், உங்கள் மாநில வேளாண் துறையைக் கேளுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கட்டுரையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துவிட்டு இங்கே அமெரிக்காவில் பூச்சிமருந்து ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். மாநிலங்கள் நடத்தும் சேகரிப்பு நாட்களில் போய் உதவுவதும் உண்டு. அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

கேள்வி: வணக்கம் அம்மா. ஜான்ஸ்டன் கவுன்ட்டியில் ஒரு பழைய புகையிலைப் பண்ணையின் பகுதியை, வீட்டோடு சேர்த்து வாங்கியிருக்கிறோம். பின்னாலிருக்கும் கொட்டகையில் துருப்பிடித்த டின்கள், கண்ணாடி பாட்டில்கள், எலி கடித்த ஒரு காகித மூட்டை. மூட்டைமேல் 'டிடிடி' என்று படிக்க முடிகிறது. ஒரு டின்னில் லேபிளே இல்லை. வாரத்துக்கு ஒன்றாகக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். தடை செய்த மருந்து நம் இடத்தில் இருப்பதால் அபராதம் வருமோ என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகி, கேரி, வட கரோலினா

பதில்: முதலில் அந்தக் கொட்டகையைப் பூட்டுங்கள். குழந்தைகளும் நாயும் உள்ளே போகக் கூடாது. எதையும் திறந்து மோந்து பார்க்க வேண்டாம், சிந்தியிருக்கும் தூளைப் பெருக்க வேண்டாம். வாசலில் நின்று செல்பேசியில் படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குப்பைத் தொட்டி வேண்டவே வேண்டாம். குப்பை லாரிக்குள் எல்லாவற்றையும் போட்டு அழுத்துவார்கள். டின் பிதுங்கித் தெறித்தால் அது படுவது பின்னால் நிற்கும் தொழிலாளியின் முகத்தில். உங்கள் கணவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

இனி நல்ல செய்தி. நீங்கள் இருக்கும் மாநிலம்தான் இந்த விஷயத்தில் நாட்டுக்கே முன்னோடி. வேண்டாத பூச்சிமருந்தை வாங்கி அப்புறப்படுத்த அமெரிக்காவில் ஒரு மாநிலம் தொடங்கிய முதல் திட்டம், 1980-இல் வட கரோலினா வேளாண் துறை தொடங்கியதுதான். இன்றும் நடக்கிறது. விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் கவுன்ட்டி விரிவாக்க அலுவலகங்களோடு சேர்ந்து ஊர் ஊராகச் சேகரிப்பு நாள் வைக்கிறார்கள். விவசாயியும் கொண்டுவரலாம், வீட்டுக்காரரும் கொண்டுவரலாம். காசு கிடையாது. உங்கள் கவுன்ட்டி விரிவாக்க அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் அடுத்த சேகரிப்பு நாள் எப்போது, எங்கே என்று சொல்லிவிடுவார்கள். லேபிள் இல்லாத டின்னையும், ஐந்து கேலனுக்கு மேற்பட்ட கலன்களையும் பற்றி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். லேபிளின் கிழிந்த துண்டு ஏதாவது பக்கத்தில் கிடந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்தத் துண்டு பெரிய உதவி.

அபராதத்துக்குப் பயப்பட வேண்டாம். டிடிடி என்ற அந்தப் பழைய பூச்சிக்கொல்லியை அமெரிக்கா 1972-இல் தடை செய்தது. அன்று கடையில் விற்பனை நின்றது, சரி. ஏற்கெனவே விவசாயி வாங்கி வைத்திருந்தது? அது பெரும்பாலும் கொட்டகையிலேயே தங்கிவிட்டது. பயன்படுத்தக் கூடாது, எறியக் கூடாது, கொண்டுபோய்க் கொடுக்க இடமும் இல்லை என்றால் அவர் என்னதான் செய்வார்? அவருக்குப் பின் மகன், மகனுக்குப் பின் நிலத்தை வாங்கிய நீங்கள். இப்படிக் கைமாறி வந்தவர்களைத் தண்டிப்பதற்காக இந்தத் திட்டம் இல்லை. சேகரிப்பு நாளில் ஒரு முதியவர் கால்சியம் ஆர்செனேட் மூட்டையை இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன். பருத்திக் காய்வண்டுக்குத் தூவ அவருடைய தாத்தா வாங்கியதாம். ஆர்செனிக் பாருங்கள், அது கெட்டுப்போவதே கிடையாது. தாத்தா காலத்தில் எவ்வளவு விஷமோ இன்றும் அவ்வளவு விஷம். அந்த மனிதர் மூட்டையை ஒப்படைத்த பிறகும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பேரன் பேத்திகள் விளையாட வரும் இடத்தில் இத்தனை காலம் அது இருந்ததே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கொண்டுபோகும் விதம் முக்கியம். மருந்தை அதனதன் டப்பாவிலேயே விடுங்கள். இரண்டு டப்பாவில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது, ஒன்றாக ஊற்றிவிடலாம் என்று நினைக்கவே கூடாது. எது எதோடு சேர்ந்தால் சூடேறும், புகையும் என்பது லேபிளைப் படித்தவர்களுக்கே தெரியாது. கசியும் டின்னை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, சுற்றிலும் பூனைக்குப் போடும் மண் துகளைக் கொட்டினால் கசிவை அது உறிஞ்சிக்கொள்ளும். கிழிந்த மூட்டையைத் தடித்த பிளாஸ்டிக் பையில் அப்படியே இறக்குங்கள். ரசாயனம் தாங்கும் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி அவசியம். தூள் பறக்கும் நிலையிலோ டின் அடி பெயரும் நிலையிலோ இருந்தால் நீங்கள் தொடாமல் வேளாண் துறையிடம் யோசனை கேளுங்கள். பிக்கப் டிரக்கின் பின்பக்கம்தான் ஏற்றுவதற்கு நல்ல இடம். ஆள் உட்காரும் பகுதியில் வைக்காதீர்கள். வழியில் கடைக்குப் போவது, கோயிலுக்குப் போவது எதுவும் வேண்டாம், நேரே அங்கே போங்கள்.

போனதும் வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை. வெள்ளைப் பாதுகாப்பு உடை போட்டவர்கள் வந்து இறக்கிக்கொள்வார்கள். அபாயக் கழிவு உரிமம் பெற்ற ஒப்பந்த நிறுவனத்தின் வேதியியல் ஆட்கள் அவர்கள். அங்கேயே இனம் பிரித்துப் பேரல்களில் அடுக்குவார்கள். டிடிடி, குளோர்டேன் போன்ற கரிம மருந்துகள் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் எரிக்கும் உலைகளுக்குப் போகும். ஆர்செனிக், பாதரசம், ஈயம் சேர்ந்தவற்றை எரித்துப் பயன் இல்லை. உலோகம் எரிந்து மறையாது. அவற்றைக் கரையாதபடி கெட்டிப்படுத்திப் பாதுகாப்பான நிலக்கிடங்கில் வைக்க வேண்டும். 2,4,5-டி என்ற பழைய களைக்கொல்லி வந்தால் எல்லோரும் கொஞ்சம் நிதானிப்பார்கள், அதில் டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சு கலந்திருக்கும். உங்கள் கொட்டகையில் அந்தப் பெயர் கண்ணில் பட்டால் போனில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். வாடகை வீட்டின் கராஜில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன களைக்கொல்லி, எறும்பு மருந்து. அரசாங்க இடத்தில் பெயர் எழுதினால் பின்னால் பச்சை அட்டைக்குச் சிக்கல் வருமா?
– வாசகர், சேப்பல் ஹில்

பதில்: வராது. வீட்டில் கிடக்கும் எறும்பு மருந்தைச் சட்டப்படி அகற்றுவது குற்றமாக எந்தப் பதிவிலும் ஏறாது. எந்தக் கவுன்ட்டி, விவசாயியா வீட்டுக்காரரா என்று கணக்குக்காகக் கேட்கும் இடங்கள் உண்டு, தயங்காமல் சொல்லுங்கள். இந்தப் பயம் விசாக்காரர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. நாலு தலைமுறையாக இங்கேயே உழும் விவசாயிக்கும் இருக்கிறது. அதனால்தான் வடக்கு டகோட்டாவில் 1992 முதல் நடக்கும் சேகரிப்பில் 'கேள்வி கேட்க மாட்டோம்' என்பதையே விளம்பரமாகப் போடுகிறார்கள். வாடகை வீடு என்பதால் எடுப்பதற்கு முன் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இலவசம் என்கிறீர்கள். அமெரிக்காவில் எதுதான் இலவசம்? யார் காசு இது?
– வாசகர், ஃபார்கோ, வடக்கு டகோட்டா

பதில்: நியாயமான கேள்வி. இங்கே எந்தப் பூச்சிமருந்தும் மத்திய அரசின் பதிவு மட்டும் வாங்கினால் போதாது, விற்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாகப் பதிய வேண்டும். அதற்குக் கம்பெனி கட்டணம் கட்டுகிறது. உங்கள் மாநிலம் உட்படப் பல மாநிலங்கள் அந்தக் கட்டணத்திலிருந்துதான் சேகரிப்புச் செலவைச் செய்கின்றன. சில மாநிலங்கள் பொது நிதியிலிருந்து தருகின்றன. புல்வெளி பராமரிப்பு போன்ற தொழில் நடத்துபவர்களிடம் முன்பதிவோ கட்டணமோ கேட்கும் இடங்களும் உண்டு.

விற்றவர் தரும் காசிலிருந்தே மிச்சத்தை அள்ளுவது எனக்குச் சரியான முறையாகப் படுகிறது. கட்டணம் வைத்துப் பாருங்கள், கொட்டகையில் இருப்பது கொட்டகையிலேயே இருக்கும், இல்லையென்றால் ராத்திரியில் ஓடைக்குப் போகும்.

இன்னொரு தடையும் இருந்தது. காகித வேலை. அபாயக் கழிவுச் சட்டப்படி எழுத வேண்டியதை எல்லாம் ஒரு விவசாயி எழுதி முடிக்க முடியாது. 1995-இல் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புது விதி கொண்டுவந்து, இப்படிச் சேகரிக்கும் பூச்சிமருந்துக்கு அந்தச் சுமையைக் குறைத்தது. 1980 முதல் 2000 வரை மாநிலத் திட்டங்கள் மொத்தமாகச் சேர்த்தது ஏறத்தாழ 2.46 கோடி பவுண்டு. நம் கணக்கில் சுமார் 11,000 டன். இவ்வளவும் யாரோ ஒருவர் கொட்டகையில், கிணற்றுக்குப் பக்கத்தில், மாட்டுத் தீவனத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: பழைய மாலத்தியான் ஒரு பாட்டில் கராஜில் இருக்கிறது. காலாவதி ஆகியிருந்தால் வீரியம்தானே குறைந்திருக்கும்? இரண்டு மடங்கு ஊற்றி ரோஜாவுக்கு அடித்துத் தீர்த்துவிடலாமா?
– வாசகி, ஹூஸ்டன்

பதில்: கூடாது. அதுவும் ஹூஸ்டன் வெயிலில் கராஜில் இருந்தது என்றால் நிச்சயமாகக் கூடாது. பூச்சிக்கு வீரியம் குறையும்போது மனிதருக்கும் குறையும் என்று எண்ணுவதுதான் ஆபத்து. மாலத்தியான் சூட்டில் கிடந்தால் ஐசோமாலத்தியான் என்ற வேறு பொருள் உண்டாகும். மாலத்தியானை உடைத்துச் செயலிழக்க வைக்கும் நம் உடம்பின் வழியையே அது அடைத்துவிடும். 1976-இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் அடித்த தொழிலாளர்களில் ஏறக்குறைய 2,800 பேருக்கு நஞ்சேறியது, 5 பேர் இறந்தார்கள். அவர்கள் அடித்த மருந்தில் இந்த ஐசோமாலத்தியான் இருந்தது. வீடு வீடாகப் போய் அடித்துவிட்டு மாலை திரும்பிய கூலியாட்கள் அவர்கள்.

தேதி தாண்டாத, தடை இல்லாத மருந்து மிஞ்சியிருந்தால் லேபிளில் சொன்ன பயிருக்கு, சொன்ன அளவில் அடித்துத் தீர்க்கலாம். பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுக்கலாம், லேபிளோடு. உங்கள் பாட்டில் அந்த வகை இல்லை.

கேள்வி: அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். இரண்டு கரப்பான் ஸ்பிரே டப்பாதான். இதற்கும் இவ்வளவா?
– வாசகர், ராலே

பதில்: வேக் கவுன்ட்டியில் வீட்டு அபாயக் கழிவு வாங்கும் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே கொடுத்தால் போதும், வேளாண் துறையின் சேகரிப்பு நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. யார்மேலாவது பட்டுவிட்டாலோ வாயில் போய்விட்டாலோ நஞ்சு உதவி எண் 1-800-222-1222.

கேள்வி: அம்மா, நான் இப்போது கோபிச்செட்டிப்பாளையத்தில் அப்பாவோடு இருக்கிறேன், லீவுக்கு வந்தேன். மோட்டார் ரூமைச் சுத்தம் செய்யப் போனால் எண்டோசல்பான் கேன் ஒன்று, பாதிப் பொரேட் குருணை, மெட்டாசிட் பாட்டில், மோனோகுரோட்டோபாஸ். "புதைச்சுடலாம்" என்கிறார் அப்பா. அமெரிக்காவில் இருப்பதுபோல இங்கே ஏன் ஒரு ஏற்பாடு இல்லை?
– வாசகர், இப்போது ஈரோடு மாவட்டத்திலிருந்து

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் எங்கள் வீட்டு மோட்டார் ரூமும் அப்படித்தான் இருந்தது.

நீங்கள் எழுதிய பட்டியலே ஒரு சரித்திரம். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று நிறுத்தியது. மெட்டாசிட் என்று நாம் வாங்கிய மெத்தில் பாரத்தியானுக்கு 2018-இல் தடை. பொரேட்டுக்கு 2020 டிசம்பர் 31-இல் முடிவு. மோனோகுரோட்டோபாஸுக்கு எதிரான உத்தரவு 2023-இல் வந்தது. ஒவ்வொரு தடையும் தேவையான தடை, தாமதமாக வந்த தடை. ஆனால் ஒரு உத்தரவாவது உங்கள் அப்பாவின் மோட்டார் ரூம் வரை வந்து, "மிச்சத்தை இங்கே கொண்டுவந்து கொடுங்கள்" என்று சொன்னதா? சொல்லவில்லை. புதைக்கலாம் என்று அவர் நினைப்பது அறியாமையால் அல்ல. வேறு வழி யாரும் காட்டவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1971-இன் பூச்சிக்கொல்லி விதிகளில் 44-ஆம் விதி, மிச்ச மருந்தையும் காலி டப்பாவையும் பாதுகாப்பாக அகற்ற வேண்டும் என்கிறது. அது பொறுப்பை வைப்பது தயாரிப்பவர், கலவை செய்பவர், மருந்தடிக்கும் தொழில் நடத்துபவர் மீது. 2016-இன் அபாயக் கழிவு விதிகளில் காலாவதியான பூச்சிமருந்துக்கு அட்டவணையில் இடம் இருக்கிறது. அதுவும் ஆலைகளை மனதில் வைத்து எழுதியது. கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவு நிலையம் இருக்கிறது, ஆனால் அது ஆலைகள் ஒப்பந்தம் போட்டு லாரியில் அனுப்பும் இடம். கோபியிலிருந்து ஒரு விவசாயி கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அங்கே போக முடியுமா? அதே ஆண்டின் திடக்கழிவு விதிகள், வீட்டு அபாயக் கழிவு வாங்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்று சொன்னன, பூச்சிமருந்து டப்பாவையும் பெயர் சொல்லிச் சேர்த்தன. நகரத்தைக் கருதி எழுதியது அது. மருந்து அதிகம் இருப்பதோ கிராமத்தில்.

அப்படியானால் தொழில்நுட்பம் இருக்கிறது, விதி இருக்கிறது. இல்லாதது நடுவில் ஒரு சேகரிப்பு நாளும் ஓர் இடமும். வட கரோலினாவில் 1980-இல் செய்தது அவ்வளவுதான்: கிட்டத்தில் வந்து, காசு வாங்காமல், அதட்டாமல் வாங்கிக்கொண்டார்கள். நேபாளத்தில் பல காலம் கிடங்கில் கிடந்த சுமார் 75 டன் பழைய மருந்தை 2011-இல் ஜெர்மனியின் உதவியோடு கப்பலேற்றி அங்கே எரித்தார்கள். நம்மைவிட வசதி குறைந்த நாடு அது. கேரளத்தின் காசர்கோட்டில் என்ன ஆனது என்றும் பாருங்கள். முந்திரித் தோட்டக் கிடங்குகளில் தங்கிய எண்டோசல்பான் பேரல்கள் கசியத் தொடங்கி, வேறு பேரல்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒரு பாழுங்கிணற்றில் மருந்தைக் கொட்டி மூடினார்கள் என்ற புகார் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. விமானத்திலிருந்து அடித்ததால் அத்தனை துன்பம் பட்ட மக்கள், மிச்சத்துக்காகவும் பயப்பட வேண்டிவந்தது எனக்கு ஆறவே இல்லை.

அப்பாவிடம் சொல்லுங்கள்: புதைக்க வேண்டாம். எண்டோசல்பான் மண்ணில் நீண்ட காலம் நிற்கும், மற்றவை கிணற்றுக்கு இறங்கலாம். எரிக்கவும் வேண்டாம், வயலில் மூட்டும் நெருப்பின் சூட்டில் அது அழியாது, நஞ்சுப் புகைதான் வரும். வாய்க்காலில் கழுவவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் அதன் டப்பாவோடு, மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள். குருணையும் திரவமும் தனித்தனி டிரம். வெளியே தமிழில் 'விஷம், தொடாதே' என்று பெரிதாக எழுதுங்கள். கிணற்றுக்கும் தீவனத்துக்கும் தள்ளி, மழை படாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். பூட்டு குழந்தைகளுக்காக மட்டும் சொல்லவில்லை. மனம் உடைந்த ஒரு நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருந்ததால் மட்டுமே நம் ஊர்களில் எத்தனை பேரை இழந்திருக்கிறோம். உங்கள் வீட்டில் யாராவது சோர்ந்து போயிருந்தால் சாவியை அவர் அறியாத இடத்தில் வைத்து, அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். யாராவது மருந்து குடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, டப்பாவின் லேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். டாக்டருக்கு மருந்தின் பெயர் தெரிவது உயிர் காக்கும்.

அப்புறம், ஊருக்குத் திரும்பும் முன் உங்களால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. உங்கள் தெருவிலேயே நாலைந்து தோட்டத்தில் இதே டப்பாக்கள் இருக்கும். மருந்தின் பெயர், தோராய அளவு, கசிகிறதா இல்லையா என்று ஒரு பட்டியல் போடுங்கள், எது யாருடையது என்று அதில் பெயர் போட வேண்டாம். அப்பாவையும் அக்கம்பக்கத்து விவசாயிகளையும் கையெழுத்துப் போடச் சொல்லி மனுவாகக் கொடுங்கள். வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நகல். மனுவில் பொதுவாகப் புலம்ப வேண்டாம். வட்டாரத்துக்கு ஒரு சேகரிப்பு நாள், பெயர் கேட்காமல், கட்டணம் இல்லாமல், செலவுக்கு மருந்துக் கம்பெனிகளின் பங்கு, அங்கிருந்து உரிமம் பெற்ற நிலையத்துக்கு லாரி என்று இந்த நான்கை மட்டும் கேளுங்கள். மனு எண் வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்த எண்ணையும் வந்த பதிலையும் எனக்கு எழுதினால் அடுத்த இதழில் அப்படியே போடுகிறேன்.